சஸ்மிதாவுக்கு என் அப்பாவின் இனிஷியல்

ஆவடி,
வெள்ளிக்கிழமை இரவு, பாத்ரூமில் இருந்து.

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய சிஸ்டர் அத்தை அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் ஜெபா பணிவோடு சொல்லும் தோத்திரம். ஜார்க்கண்டில் தாங்களும் மடத்துச் சகோதரிகளும் விடுதிப் பிள்ளைகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். அடுத்த வரியில் ‘இங்கே நாங்கள் அனைவரும் சுகம்’ என்று எழுத வேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எழுத மாட்டேன். சுகமில்லை. அப்பா நான்கு நாளாக ஹாலில் படுக்கிறார். அம்மா நான்கு நாளாக அப்பாவிடம் என் மூலமாகத்தான் பேசுகிறாள். நான் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, அப்பாவின் போன் டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். போனில் சார்ஜ் பதினெட்டு சதவீதம்தான் இருக்கிறது. அதனால் சுருக்கமாகத்தான் கோபப்பட முடியும்.

முதல் கோபம் உங்கள் மேல். கிறிஸ்துமஸ் கார்டில் ‘தவக்காலத்தில் குடும்பமாகப் பார்க்க நல்ல படம்’ என்று எழுதி, படத்தின் பெயருக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டது நீங்கள்தான். அம்மா அந்தக் கார்டைப் பங்குச்சாமியாரிடம் காட்டினாள், அவர் இளைஞர் மன்றத்திடம் சொன்னார், அவர்கள் தவக்காலத்து முதல் வெள்ளி சிலுவைப்பாதை முடிந்ததும் மண்டபத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஒரு சிஸ்டர் கப்பல் ஏறி, பனி கொட்டும் ஏதோ ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறார். பிழைக்க வந்த ஏழைகள் அங்கே நிலவறைகளில் எலிகளோடு படுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவர்களைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறார்கள். சிஸ்டர் ஓர் அதிகாரியின் வாசலில் மூன்று நாள் கறுப்புக் குடையோடு நிற்கிறார், நான்காம் நாள் அவன் கதவைத் திறக்கிறான். அம்மா அழுத அழுகையில் அவள் கைக்குட்டை போதாமல் என் துப்பட்டாவையும் வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு தட்சிணாமூர்த்தி அங்கிள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, மண்டபத்தில் ஏசி உண்டு என்பதால் வந்திருந்தார். அவரும் அழுதார். “த்சொ, ஊரு வுட்டு ஊரு வந்து இன்னா கஷ்டப்படுதுங்க பாரு! ஒரு கதவ தொறந்தா அந்த ஆபீசரு இன்னா கொறஞ்சா பூடுவான்?” என்று பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி கேட்டார்.

மறுநாள் காலை, எங்கள் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் குழாய்க்குப் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. சாவி யாரிடம் என்கிறீர்கள்? அதே தட்சிணாமூர்த்தி அங்கிளிடம்தான். குவார்ட்டர்ஸ் நலச்சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். “பக்கத்துல பிளாட் கட்டுற ஒரிசாக்காரங்க வந்து கொடம் கொடமா புடிச்சிகினு போறாங்கோ. இது நம்ம கோட்ரஸ் தண்ணி” என்றார். நான் விடவில்லை. “அங்கிள், நேத்து நீங்கதானே அந்த ஆபீசரைத் திட்டினீங்க?” என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “அது படம்மா. அதுவும் பாரின்ல நடக்குது” என்றார். சரி, அம்மாவாவது ஏதாவது சொல்வாள் என்று திரும்பிப் பார்த்தால், என் துப்பட்டாவில் அவள் கண்ணீர் காய்ந்த கறைகூட இன்னும் போகவில்லை, “பூட்டுனது நல்லதுதான், குழாயடி பூரா சகதி” என்கிறாள்! அத்தை, ஒருவர் அழுத அழுகைக்கு எத்தனை மணி நேரம் ஆயுள்? உங்கள் மடத்தில் இதைப் பற்றி ஏதாவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

அன்று சாயங்காலம்தான் சஸ்மிதாவைப் பார்த்தேன். ஒன்பது வயது. குடத்தோடு வந்து பூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எந்த மொழியில் பேசுவது என்று நான் தயங்கும்போதே, “இன்னாக்கா, பூட்டிகினாங்களா?” என்றாள். சென்னைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். கட்டடம் கட்டும் இடத்திலேயே தமிழ் கற்றிருக்கிறாள், என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். எங்கள் சமையலறைக் குழாயில் குடத்தை நிறைத்துக் கொடுத்தேன். அவள் அம்மா செங்கல் சுமக்கிறார், அப்பாவை மேஸ்திரி ஐயப்பன்தாங்கல் சைட்டுக்கு அனுப்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். இவள் பகல் முழுக்கப் பழைய பலகைகளில் இருந்து ஆணி பிடுங்கிச் சேர்க்கிறாள். மறுநாள் என் புத்தகப் பையைத் திறக்கச் சொன்னாள். புத்தகத்தைப் படிக்கவில்லை, முகர்ந்து பார்த்தாள். “அக்கா, நானும் இஸ்கூலுக்கு வர்ட்டா?” என்றாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எல்லாருக்கும் நாற்பது கட்டம் போட்ட தவக்கால நற்செயல் அட்டை கொடுத்திருந்தார்கள். என் தோழி தீபிகா சாக்லேட் சாப்பிடாமல் இருந்து எட்டுக் கட்டம் நிரப்பிவிட்டாள். நான் ஒரே காரியத்தில் நாற்பதையும் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். என் குற்றம் இவ்வளவுதான்.

பொதுத்தேர்வு நடப்பதால் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அரை நாள்தான். பத்து நாளைக்கு முன் சஸ்மிதாவைக் குளித்துவிட்டு வரச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். குடையும் எடுத்துப் போனேன், மூன்று நாள் வாசலில் நிற்கவும் தயாராக இருந்தேன். அத்தை, அந்தப் படம் எடுத்தவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். அங்கே யாருமே என்னை வாசலில் நிற்கவிடவில்லை! தலைமையாசிரியை எழிலரசி டீச்சர் ஓடி வந்து, “சேர்க்கைக்கா? வாங்க வாங்க” என்று நாற்காலி போட்டார். அவருக்குப் பின்னால் கரும்பலகையில் ‘இலக்கு 40, சேர்ந்தது 11’ என்று எழுதியிருந்தது. டி.சி. வேண்டாம், பிறந்த சான்று பிறகு கொடுக்கலாம், வயதுக்கேற்ற வகுப்பு, நான்காம் வகுப்பு, எல்லாம் சரி என்றார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “இனிஷியல்?” என்றார்.

“இனிஷியல் கிடையாது டீச்சர். சஸ்மிதா நாயக்.”

“நாயக்கெல்லாம் இந்தக் கட்டத்துல ஏறாதும்மா. அப்பா பேரு என்ன, அப்பா போன் நம்பர் என்ன, அதுக்கு ஓ.டி.பி. வரணும். அப்பதான் உள்ளயே விடும்.”

அவள் அப்பாவின் எண்ணை அழைத்தோம். ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும் போனோம், ஸ்விட்ச் ஆஃப். மூன்றாம் நாளும் அதேதான். அவள் அம்மாவிடம் போனே கிடையாது. “போன் இல்லாத அப்பாவை இந்த சாப்ட்வேர் அப்பான்னே ஒத்துக்காதும்மா, நான் என்ன பண்றது?” என்று எழிலரசி டீச்சரே நொந்துபோனார். சஸ்மிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ ஆணி புடுங்கவே பூடட்டா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அத்தை, அப்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இனிஷியல் என்பது ஓர் எழுத்து, ஒரு புள்ளி. எனக்கு அது பதினான்கு வருடமாகச் சும்மாதான் முன்னால் நிற்கிறது. மழைக்கு ஒதுங்கியவர்களுக்குக் குடையில் இடம் கொடுப்பதுபோல இதிலும் கொடுக்கலாமே என்று தோன்றியது. “வி. போட்டுக்கோங்க டீச்சர். அப்பா பேரு வியாகுலம். டிஃபென்ஸ் பேக்டரி” என்று சொல்லி, அப்பாவின் எண்ணையும், எங்கள் குவார்ட்டர்ஸ் முகவரியையும், என் பையில் எப்போதும் இருக்கும் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் கொடுத்தேன். “இவ உனக்கு என்ன வேணும்?” என்றார். “தங்கச்சி” என்றேன். டீச்சர் என்னை நீண்ட நேரம் பார்த்தார், சஸ்மிதாவைப் பார்த்தார், பிறகு திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். “தங்கச்சின்னா சரி” என்றார்.

அப்பாவின் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து வரை அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில்தான் இருக்கும். ஓ.டி.பி. வந்ததும் ஓடினேன், எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பி ஓடினேன், அதற்குள் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்பினார்கள், இன்னொரு ஓட்டம், வியர்வையில் எண் அழிந்துவிட்டது. மூன்றாம் தடவை அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், போனையே எடுத்துப் போய்விட்டேன். படத்தில் அந்த சிஸ்டர் கடலைத் தாண்டினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் யாரும் பத்து நிமிடத்துக்குள் திரும்பி வரச் சொல்லவில்லை.

‘வாழ்த்துகள்! தங்கள் குழந்தை வி. சஸ்மிதா 4ஆம் வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளார்’ என்று வந்த செய்தியை உடனே அழித்துவிட்டேன். பள்ளியில் இருந்து குரல் பதிவும் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? செவ்வாய்க்கிழமை பகலில் போன் அடித்திருக்கிறது. அம்மா எடுத்திருக்கிறாள். ஒரு பெண்குரல் பள்ளியின் பெயரைச் சொல்லி, “அன்புள்ள பெற்றோரே, தங்கள் மகள் சஸ்மிதா...” என்று தொடங்கி, முட்டை போடும் நாட்களைச் சொல்லி முடித்திருக்கிறது. இரவு சாப்பாட்டில் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல், “ஏங்க, யாருங்க சஸ்மிதா?” என்றாள். அப்பா ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உங்கள் தம்பிக்கு அது வருமா? “சஸ்மிதாவா? அது ஒரிசாப் பக்கத்துப் பேருல்லா! சிரிச்ச முகம்னு அர்த்தம்” என்று முகம் மலர்ந்து சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அர்த்தமெல்லாம் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

பத்து வருடத்துக்கு முன் அப்பா ஒரிசா தொழிற்சாலைக்கு இரண்டு வருடம் டெபுடேஷனில் போனது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அந்த நொடி வரை நினைவில்லை. அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அப்பாவுக்கோ, பொய் சொல்லாதபோதும் பொய் சொல்கிறவரைப் போலவே காது சிவக்கும். அவர் தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, “எனக்கு அங்கன தெரிஞ்சதெல்லாம் சாப்பிட்டாச்சான்னு கேக்கதும் ரெண்டு பாட்டும்தான்” என்று சொல்லி, அதில் ஒன்றைப் பாடியும் காட்டினார். அதன் பிறகுதான் அப்பாவின் பாய் ஹாலுக்கு வந்தது. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறந்தால் உண்மை வரும், உண்மை வந்தால் அம்மா அடுத்த நிமிடமே பள்ளிக்குப் போய்ப் பெயரை அடித்துவிடுவாள். குழாயைப் பூட்டியதே நல்லது என்றவள்தானே.

சஸ்மிதாவின் மேலும் கோபம் உண்டு, ஆனால் அவளிடம் காட்ட முடியவில்லை. ‘வி.’ என்பதைப் பள்ளிக்கூடம் தனக்குப் போட்ட பதக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். செங்கல் துண்டால் சிமெண்ட் மூட்டைகளில் எல்லாம் எழுதுகிறாள். முந்தாநாள் புது பிளாட் வாசலில் ஈரமாக இருந்த கான்கிரீட் தரையில், அழகான கையெழுத்தில், ‘வி. சஸ்மிதா, 114/3, பாதுகாப்புத் துறை குவார்ட்டர்ஸ்’ என்று எழுதிவிட்டாள். நான்தான் அவளுக்கு முகவரியை மனப்பாடம் செய்யவைத்தேன். இப்போது அது காய்ந்துவிட்டது, இனிக் கடப்பாரையால்தான் எடுக்க முடியும். அதை முதலில் படித்தவர் யார் என்று நான் எழுத வேண்டுமா? ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவை வாசலிலேயே மடக்கி, “இன்னா வியாகுலம் சார், ஒரிசா பக்கம் இன்னொரு ஊடு கீதுன்னு எங்களாண்ட சொல்லவே இல்லியே!” என்று தோளைத் தட்டினார் தட்சிணாமூர்த்தி அங்கிள்.

இதைவிடப் பெரியது நேற்று வந்தது. எழிலரசி டீச்சர் என்னைத் தெருவில் நிறுத்தி, மகிழ்ச்சியில் என் கன்னத்தைக் கிள்ளினார். “உங்க அப்பா எவ்ளோ பெரிய மனுஷன்! மத்திய அரசு வேலைல இருந்துகிட்டு ரெண்டாவது பொண்ணை அரசுப் பள்ளில சேர்த்திருக்காரு. ஆண்டு விழாவுக்கு அவர் போட்டோ போட்டு பேனர் வைக்கிறோம். எட்டுக்கு ஆறு அடி. பேக்டரி பஸ் நிக்கிற இடத்துலயே!” குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி ஆண்டு விழா. அத்தை, அந்த பஸ் நிறுத்தத்தில் அப்பாவின் செக்‌ஷன் முழுக்க நிற்கும். என்னிடம் இருந்தது பழைய போட்டோ, அதில் அப்பாவுக்கு மீசை வேறு இருக்கிறது. டெபுடேஷன் காலத்து மீசை.

அம்மாவோ கிளம்புகிறாள். நேற்று பரணில் இருந்து பெட்டியை இறக்கினாள். என் பழைய கவுன்கள், சின்னதாகிப்போன யூனிபார்ம் பாவாடைகள் எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினாள். தூத்துக்குடியில் சித்தி மகளுக்காகத்தான் இருக்கும். இன்று காலை காய் வாங்கப் போனவள் மதியம் காய் இல்லாமல் வந்தாள், ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, பயமாக இருந்தது. எனக்கு அடி விழும் என்ற பயம் இல்லை அத்தை, கொஞ்சம் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய பயம் சஸ்மிதாவைப் பற்றித்தான். நேற்று அவள் எனக்குத் தமிழில் முதல் வாக்கியம் எழுதிக் காட்டினாள்: ‘நான் பள்ளிக்குப் போகிறேன்.’ நான் உண்மையைச் சொன்னால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று இடத்தில் படுக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. கிடைத்த அன்றே மதர் சுப்பீரியரின் போனை வாங்கி அம்மாவை அழைத்து, “நான்தான் ஜெபாவை இப்படிச் செய்யச் சொன்னேன், அந்தப் பிள்ளையின் பெயரை எடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். சிஸ்டரை யாரும் திட்டமாட்டார்கள். இது பொய்யும் இல்லை. படத்தைப் பார்க்கச் சொன்னது நீங்கள், அடிக்கோடு போட்டது நீங்கள், இரண்டு முறை. அடிக்கோடு போட்டவர்கள் வாசலில் குடையோடு நிற்கவும் வேண்டும் அல்லவா?

தங்கள் ஜெபங்களில் அப்பாவை முதலில் நினைத்துக்கொள்ளவும், பிறகு அம்மாவை, நேரம் இருந்தால் என்னை. தட்சிணாமூர்த்தி அங்கிளுக்காக இந்தத் தவக்காலத்தில் என்னால் ஜெபிக்க முடியவில்லை, அதையும் தாங்களே பார்த்துக்கொள்ளவும். விடுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வி. ஜெபா (அசல்)

பி.கு.: அத்தை, உறையில் உங்கள் பின்கோடு எழுதுவதற்காக அப்பாவின் போனில் தேடினேன். தேடும்போது, அப்பா எப்போதும் திறந்தே பார்க்காத குறுஞ்செய்திகள் கண்ணில் பட்டன. இன்று காலை பதினொன்றேகாலில் இருந்து பன்னிரண்டு வரை ஆறு ஓ.டி.பி. வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வாழ்த்து. ‘தங்கள் குழந்தை வி. பிகாஷ் 1ஆம் வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளார்.’ ‘தங்கள் குழந்தை வி. லிப்சா 3ஆம் வகுப்பில்...’ மொத்தம் ஆறு பேர். கட்டடத்தில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும். என்னையும் சேர்த்து அப்பாவுக்கு இப்போது எட்டுப் பிள்ளைகள். காலை பதினொன்றேகாலுக்கு நான் பள்ளியில் இருந்தேன். அப்பா தொழிற்சாலையில் இருந்தார். போன் ஃபிரிட்ஜின் மேல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

இதை எழுதும்போதே கதவு தட்டப்பட்டது. நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். “ஏட்டி, உள்ள தண்ணிச் சத்தமே கேக்கல, என்ன பண்ணுத? அத்தைக்குத்தான எழுதுத?” என்றாள் அம்மா. நான் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். “நேத்து பேரை வெட்டத்தான் போனேன். அங்க போனப்பதான் எல்லாம் உன் வேலைன்னு தெரிஞ்சுது. அந்தப் புள்ள என்னப் பாத்ததும், ‘நீங்கதான வியாகுலம் ஊட்டுக்காரம்மா’ன்னு ஓடி வந்து பையைத் தூக்கிக்கிட்டு வாரா. உன் பழைய கவுனு அவளுக்கு இடுப்புல லூசா இருக்கு, நாளைக்குப் பிடிச்சுத் தைக்கணும்” என்றாள். பிறகு குரலை இறக்கி, “அப்பாட்ட மூச்சு விடாத. பேனரைப் பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும். பாட்டா பாடுதாரு பாட்டு” என்றாள்.

ஆகவே அத்தை, நீங்கள் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். மேலே அம்மாவைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தால் சார்ஜ் நான்கு சதவீதம்தான் இருக்கிறது. தாளின் அடியில் நான்கு விரற்கடை இடம் விடச் சொல்லி அம்மா வெளியே பேனாவோடு நிற்கிறாள். விட்டிருக்கிறேன்.